கட்டாயம் வரணும் சார்

கார் கதவைத் திறந்ததும் பாலமுரளியின் மூக்கில் முதலில் ஏறியது பால் தீய்ந்த வாசனைதான். அடுப்பில் வைத்து மறந்துபோன பால் பொங்கி, பாத்திரத்தின் பக்கமெல்லாம் வழிந்து, நெருப்பில் சொட்டிக் கருகினால் வருமே, அந்த வாசனை. சுற்றிலும் வீடு கிடையாது, கடை கிடையாது, ஒரு கூடாரம்கூடக் கிடையாது. அமீரகத்தின் புஜைராவைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்து, சரளைக்கல்லில் குலுங்கிக் குலுங்கி வந்து ஒரு சின்ன மலையின் காலடியில் நின்றிருந்தார்கள்.

"பால் தீயுற வாசனை வருதுல்ல?" என்றான்.

"இங்க ஏதுங்க பால்? மலைக்கு வரப் பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க. காலையிலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க" என்றாள் ஜலஜா. மனைவி. அவளுக்கு முழங்கால் வலி. கீழேயே மற்ற பெண்களோடு பாய் விரித்து உட்கார்ந்து, எலுமிச்சைச் சாதத்துக்குக் காவல் இருக்கப் போகிறாள். கார் சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து வைத்திருக்கும் மலையேற்றக் குழு அது. எந்த மலை என்று காலையில்தான் போனுக்கு வந்தது. போனில் வழிகாட்டும் பெண் குரல் சொன்ன பக்கமெல்லாம் வண்டியைத் திருப்பிக்கொண்டே வந்தவனுக்கு, காலையிலிருந்து இருந்த சந்தேகம் கடைசித் திருப்பத்தில் தீர்ந்துபோனது. அதே மலைதான். இந்த மலை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்கு அவனிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய பதில் இல்லை.

இந்தப் பக்கத்து மலைகளெல்லாம் சுட்ட செங்கல் நிறத்தில் மொட்டையாக நிற்கும். இது ஒன்றுதான் விதிவிலக்கு. ஓடைப் பக்கச் சரிவு முழுக்க வேலமரமும் இலந்தையும் அடர்ந்து கிடந்தன. தை மாதத்தில் நல்ல மழை. இப்போது பாறை இடுக்கிலெல்லாம் பசும்புல், அதன் நடுவில் மஞ்சள் மஞ்சளாகப் பொடிப்பூ, ஈரம் இன்னும் காயாத மண்ணின் குளிர்ச்சி. வேலமரங்கள் புதுத் துளிர் விட்டு லேசாகக் கசந்து மணத்தன. பார்த்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். போன ஆகஸ்டில் இதே மரங்கள் இலை உதிர்ந்து முள்ளாக நின்றதைப் பார்த்தவன் அங்கே பாலமுரளி ஒருவன்தான்.

அப்போது மலை உச்சியில் ஒரு செல்போன் கோபுரம் நிறுத்தும் வேலை அவன் கம்பெனிக்கு வந்திருந்தது. செப்புக் கேபிள் சுருள்களை மேலே ஏற்றி வைத்தார்கள். காவலுக்கு நாகலிங்கத்தை நிறுத்தினான். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், தொழிலாளர் கேம்ப்பில் எல்லாருக்கும் பிடித்தவன். "சாயங்காலம் வண்டி வரும். அதுவரைக்கும் கேபிளை விட்டு நகரக் கூடாது. ஒரு மீட்டர் காணாமப் போனாலும் நீதான் பதில் சொல்லணும்" என்று விரல் நீட்டிச் சொன்னவன் பாலமுரளி. அன்று இரவு அவனுக்குச் சென்னை விமானம். லீவு குஷியில் வண்டிக்குச் சொல்ல மறந்துவிட்டான்.

மறந்தது ஒரு பக்கம். ஏர்போர்ட்டில் சோதனைக்குப் பெல்ட்டைக் கழற்றும்போது ஞாபகம் வந்ததே, அதுதான் விஷயம். ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஆனால் மதிய வெயிலில் ஆட்களை வெளியே நிறுத்தக் கூடாது என்று தடை இருக்கும் மாதம் அது. ஏன் நிறுத்தினாய் என்று கேள்வி வரும். நாகலிங்கமே இறங்கி வந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டான். பிறகு, நாகலிங்கம் கேம்ப்புக்குத் திரும்பவில்லை என்று ஆபீஸிலிருந்து போன் வந்தபோது மாமியார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "அவன் ஓடிட்டான்" என்று சொல்லிவிட்டு, மோர் ஊற்றச் சொன்னான்.

ஓடிப்போனவன் என்று எழுதிவிட்டார்கள். ஓடிப்போனவனைக் கம்பெனி எதற்குத் தேடும்? கோபுர வேலையும் வேறு மலைக்கு மாறிப்போனது. வெயில் காலம் முடிந்த பிறகு கேபிளை எடுத்துவரப் போன டிரைவர் ஃபவாஸ், "மேல ஆள் மாஃபி சார், யாருமே இல்ல. கல்லுதான் அடுக்கி அடுக்கி வச்சிருக்கு. நிறைய" என்றான். பாலமுரளி அதற்கு மேல் கேட்கவில்லை.

கல் அடுக்குவது நாகலிங்கத்தின் பழக்கம். பழனிப் படியோரமும் திருப்பதி நடைபாதையிலும் சொந்த வீடு வேண்டி ஜனங்கள் கல்லின் மேல் கல் வைத்துவிட்டுப் போவார்களே, அது. நாகலிங்கத்துக்குச் சாமி இருக்கும் மலை, இல்லாத மலை என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஊரில் அஸ்திவாரம் போட்டு, நிலைவாசலும் வைத்து, சுவர் எழும்பாமல் நின்றிருந்த வீடு அவனுடையது. அன்றும் உச்சிக்கு வந்ததும் முதல் வேலையாக மூன்று கல்லை அடுக்கிக் கும்பிட்டான். வீட்டின் பிளானைப் போனில் காட்டி, "சார் ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றான். பாலமுரளி நிமிர்ந்தும் பார்க்காமல், "வாசலைக் கிழக்கே வை" என்றான். அதற்கே அவன் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"பால் காச்சுறப்ப நீங்க கட்டாயம் வரணும் சார்."

"வரேன்பா, வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினான்.

"எல்லாரும் இங்க கவனிங்க!" சிவசங்கரன் விசிலை ஊதினார். வங்கியில் வேலை, வார விடுமுறையில் இந்தக் குழுவுக்குத் தலைவர். "வழி ரொம்ப ஈஸி. மூணு கல்லு அடுக்கி வச்சிருக்கும். அதுதான் ரூட் மார்க். அதைப் பாத்துக்கிட்டே போனா உச்சி. அதைப் பாத்துக்கிட்டே இறங்கினா சாப்பாடு. இங்க சிக்னல் கிடையாது, போனை நம்பாதீங்க. யல்லா, கிளம்பலாம்!"

சிக்னல் எப்படி இருக்கும்? கோபுரம்தான் வரவில்லையே.

முதல் கல் அடுக்கு ஓடையைத் தாண்டியதும் இருந்தது. இரண்டாவது ஒரு இலந்தையின் அடியில். அதற்குப் பிறகு பாலமுரளி எந்தப் பக்கம் திரும்பினாலும் கல். பாறை மேல், வேர் மேல், புல்லுக்குள், மரக்கிளை இரண்டாகப் பிரியும் கவட்டில்கூட. "போன வருஷம் இவ்வளவு இல்ல. யாரோ புண்ணியவான் நல்லா மார்க் பண்ணியிருக்கான்" என்று சிவசங்கரன் மெச்சிக்கொண்டே முன்னால் போனார். அது வழி இல்லை சார், வீடு என்று சொல்ல வந்ததை எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

அவனுடைய ஒரே மகள் அனன்யா பின்தங்கி உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ்நாட்டில் ஒரு கோயில் படிகூட ஒழுங்காக ஏறியதில்லை. மண்டியிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கல்லின் மேல் கல்லை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடா பண்றே?"

"ஹவுஸ் கேக்கறேன்ப்பா. ஸ்டாக் பண்ணா ஹவுஸ் கிடைக்குமாம்."

"யாரு சொன்னா?"

"அந்த அங்கிள்தான். ஹெல்மெட் போட்டிருக்காரே. பின்னாடியே வராரு."

பாலமுரளி திரும்பிப் பார்த்தான். ஏறி வந்த பாதையில் மரங்கள் நின்றன. வெயில் சாய்ந்து, முள்நிழல் புல்மேல் வலையாக விழுந்திருந்தது. காற்றில்லை. ஆனால் ஒரே ஒரு வேலமரத்தின் தாழ்ந்த கிளை மட்டும், இப்போதுதான் யாரோ விலக்கிவிட்டுப் போனதுபோல மேலும் கீழும் ஆடி, மெல்ல நின்றது. பால் தீயும் வாசனை இங்கே இன்னும் கெட்டியாக இருந்தது.

மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "வா. கீழே போலாம்."

"உச்சிக்குப் போகலையா?"

"வேண்டாம். அம்மா தேடுவா."

பயந்துவிட்டான் என்பதை மறைக்க முடியவில்லை. அவனுக்கு நாகலிங்கத்தைப் பற்றிய வருத்தம் ஏதுமில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் ஜலஜாவிடம் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். வேறெதையும் இந்த மலையிடம் அவன் கேட்கவில்லை.

இறங்கினார்கள். இடதுபுறம் கல் அடுக்கு, வலதுபுறம் கல் அடுக்கு. காலடியில் சரளை சறுக்கியது. இறங்க இறங்க மூச்சு வாங்கியது. இறங்கும்போது ஏன் தொடை வலிக்கிறது என்று அவன் யோசித்த நேரத்தில் மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பல்கள். அடிவாரத்திலிருந்து கடல் தெரியாது. அவர்கள் ஏறி வந்திருந்தார்கள்.

சிவசங்கரனின் விசில் கேட்டது. கீழே, வெகு கீழே.

"சார்! சிவசங்கரன் சார்!" கத்திவிட்டு, பதிலுக்குக் காது கொடுத்தான். கீழே பாத்திரம் திறக்கும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம், சாலையில் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம், எல்லாம் தெளிவாக மேலே வந்தது. சின்ன மலைதானே. கீழே நடப்பது எல்லாமே இங்கே கேட்கும். அப்படியானால் ஆகஸ்டிலும் கேட்டிருக்கும். சாலையில் போன ஒவ்வொரு வண்டியும் கேட்டிருக்கும். நமக்கு வரும் வண்டி இதுதான், இதுதான் என்று ஒருவன் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்திருப்பான். இத்தனை நாளாக நினைக்காத ஒன்றை இப்போது நினைக்கும்படி ஆகிவிட்டதே என்று பாலமுரளிக்கு எரிச்சல்தான் வந்தது.

கையைப் பார்த்தான். அவன் விரல்களுக்குள் மகளின் மணிக்கட்டு இல்லை.

"அனன்யா!"

மரங்களுக்குள் அவள் பேச்சுக்குரல். யாருக்கோ பதில் சொல்கிறாள். கேட்பவன் குரல் மட்டும் காதில் விழவில்லை. "யெஸ் அங்கிள்... இல்ல, எங்க அப்பாதான்... ம், வருவாரு."

ஓடினான். முள் சட்டையைக் கிழித்தது. கல் அடுக்குகள் உயர்ந்துகொண்டே வந்தன. கணுக்கால் உயரம். முழங்கால் உயரம். பிறகு இடைவெளியே இல்லை. கல்லோடு கல் சேர்ந்து சுவராக நின்றது. மழை பெய்த மலையில், உலர்ந்த, தூசி படிந்த, ஆகஸ்டு வெயிலின் சூடு இன்னும் இறங்காத கல். கை வைத்தவன் சுட்டுக்கொண்டு இழுத்தான்.

அவன் என்ஜினீயர். பார்த்ததும் புரிந்துவிட்டது. இது ஹால். அது அடுப்படி. அந்த மூலை சாமிக்கு. போனில் ஒருவன் நீட்டிய பிளான், கல்லில் எழும்பி நின்றது. வாசல் கிழக்கே, கடலைப் பார்த்து இருந்தது.

வாசலுக்கு மேலே ஒரு கம்பு நட்டு, அதில் ஓர் ஆள் தொங்கிக்கொண்டிருந்தான்.

ஆள் இல்லை. திருஷ்டிப் பொம்மை. கட்டுகிற வீட்டில் கண்ணேறு படாமலிருக்க வைக்கோல் திணித்துத் தொங்கவிடுவார்களே, அது. அப்படித்தான் நினைத்துக்கொண்டான். நீல நிற வேலை உடுப்பு. மார்பில் மினுங்கும் பட்டை. தலைக்கு மஞ்சள் ஹெல்மெட். கால்சட்டை நுனியில் வைக்கோல் துருத்திக்கொண்டிருந்தது.

வைக்கோல் இல்லை அது. உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்பா." அனன்யா சுவருக்குள்ளே நின்றிருந்தாள். இரண்டு கையிலும் ஒரு கல்லை ஏந்தியிருந்தாள். பயந்ததுபோலவே இல்லை. "உள்ள வாங்கப்பா. அங்கிள் கூப்பிடறாரு."

"நீ வெளிய வா. ஓடி வா!"

"நீங்க வந்தா நான் போலாமாம்."

நாகவள்ளியின் குரல் ஞாபகத்துக்கு வந்தது. நாகலிங்கத்தின் மனைவி. எப்படியோ நம்பர் பிடித்து ஒரு தடவை கூப்பிட்டாள். அழவில்லை. "அவுக ஓடுற ஆளு இல்லைங்க சார். நிலை வச்ச வீட்ட விட்டுட்டு எங்க ஓடுவாக? பால் காச்சாம விடமாட்டாக. எங்க இருந்தாலும் காச்சுவாக. நீங்க வரேன்னு சொன்னீகளாமே. கட்டாயம் வரணும் சார்." சிக்னலே இல்லாத மலையில் கொடுத்த வாக்கு இவளுக்கு எப்படித் தெரியும் என்றுகூட யோசிக்காமல், அந்த நம்பரை அன்றே தடை செய்துவிட்டான்.

"அப்பா, வாங்க."

வேறு வழியில்லை. பிள்ளை உள்ளே நிற்கிறது. தலையைக் குனிந்து அந்தத் தொங்கும் கால்களுக்குக் கீழே நுழைந்தான். வலது காலை முதலில் வைத்தான். பழக்கதோஷம்.

அனன்யா கல்லைக் கீழே வைத்துவிட்டு அவனை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினாள். திரும்பியே பார்க்கவில்லை. மரங்களுக்கு நடுவே அவளுடைய சிவப்புத் தொப்பி இறங்கி, இறங்கி, மறைந்தது. நேராகக் கீழேதான் போனது. அதைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. உடனே பின்னால் கிளம்பினான்.

வாசல் இருந்தது. கடல் தெரிந்தது. கால் மட்டும் தாண்டவில்லை.

இன்னொரு தடவை. தாண்டவில்லை.

"ஜலஜா! ஜலஜா!"

தூரத்து ஊரில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்து அடங்கியது. கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறியது. கீழிருந்து பேச்சுக்குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லும் காதுக்குப் பக்கத்தில்.

"அப்பா எங்கடி?" ஜலஜா.

"அப்பா ஓடிட்டாரும்மா."

"என்னது?"

"ஓடிட்டாரு. அங்கிள் சொன்னாரு."

"சார் முன்னாடியே இறங்கிட்டாரா?" இது சிவசங்கரன். "நான் பாக்கலையே."

"அவருக்கு வரவே இஷ்டம் இல்ல சார். கோவிச்சுக்கிட்டு ரோட்டுக்கு நடந்திருப்பாரு. டாக்ஸி பிடிச்சு வீட்ல போய்ப் படுத்திருப்பாரு. இப்படித்தான் எப்பவும்." ஜலஜாவின் குரலில் கோபம் இருந்தது. பயம் இல்லை. "போற வழியில பாத்துக்கலாம். இருட்டுறதுக்குள்ள கிளம்பலாம் வாங்க."

"ஜலஜா! இங்க இருக்கேன்! மேல பாரு!"

தொண்டை கிழியக் கத்தினான். அவன் சத்தம் எதுவும் கீழே போகவில்லை. மேலே வருவது மட்டும்தான். பாய் உதறினார்கள். பாத்திரம் மூடினார்கள். கதவுகள் அடைபட்டன. ஒன்று. இன்னொன்று. அவன் காரின் சத்தம் அவனுக்குத் தெரியும். சரளையில் திரும்பியது. தாரில் ஏறியது. போயிற்று.

சாலையில் வேறொரு வண்டி வந்தது. காது கொடுத்தான். நிற்கவில்லை.

அடுத்தது. நிற்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் நெருப்பு படபடத்தது. திரும்பினான். அடுப்படியில் மூன்று கல். அதன் மேல் கரி பிடித்த கேம்ப் பாத்திரம். பால் விளிம்பு வரை ஏறி நின்றது. பொங்கியது. வழிந்தது. நெருப்பில் சொட்டியது. நிற்கவில்லை. பொங்கிக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் ஒரு டம்ளர் நிறைத்து வைத்திருந்தது. விருந்தாளிக்கு.

"வாங்க சார்."

மரியாதையான குரல். வறண்ட குரல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரியும் சத்தம் அதில் இருந்தது.

கிழக்கே ஒரு கல் நகர்ந்தது. அனன்யா வைத்துவிட்டுப் போன கல். வாசலின் குறுக்கே வந்து உட்கார்ந்தது. அதன் மேல் இன்னொன்று. கை எதுவும் தெரியவில்லை. அதன் மேல் இன்னொன்று. கப்பல் விளக்குகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் மறைந்தன.

பாலமுரளி நிமிர்ந்து பார்த்தான்.

கம்பில் தொங்கிய நீல உடுப்பு காலியாக இருந்தது. உள்ளே இருந்தது இறங்கிவிட்டது. முன்பக்கத்து ஜிப் அடிவரை திறந்து, கழுத்து அவன் பக்கமாக விரிந்து, இரண்டு கைகளும் மெல்ல அவனை நோக்கி நீண்டுகொண்டிருந்தன. புது வீட்டுக்குத் திருஷ்டிப் பொம்மை வேண்டும்.